பிளக்கைத் துப்பிய எஞ்சின்: ஹெட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சின் பக்கம் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் 'டப் டப் டப்' என்று விடாமல் அடிக்கிறது, வண்டியில் இழுவையே இல்லை. பானெட்டைத் திறந்தால் ஒரு ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயிலோடு சேர்ந்து வெளியே வந்து ஒயரில் தொங்குகிறது. பார்த்த ஒருவர் ஹெட்டையே (சிலிண்டர்களை மேலே மூடி, பிளக்கைப் பிடித்திருக்கும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் பிளக்கில் பசை தடவித் திருகினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, வேலை முடியும்வரை ஏழு சிலிண்டரில் ஓட்டலாமா?

இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். ஹெட் மாற்றுவது பெரும்பாலும் தண்டச் செலவு. பசை தடவித் திருகினால் அதே சத்தத்தை அடுத்த மேட்டில் இன்னொரு முறை கேட்பீர்கள். இடையில் ஒரு வழி இருக்கிறது. கெட்டுப்போன திரெட்டை (பிளக் திருகி உட்காரும் மரையை) சீவி எடுத்துவிட்டு, உள்ளேயும் வெளியேயும் திரெட் வெட்டிய ஓர் உலோகப் புஷ்ஷை அந்த இடத்தில் பதிப்பார்கள். ஹெட்டை இறக்காமலே செய்யலாம். ஒழுங்காகச் செய்தால் பழைய திரெட்டைவிட உறுதியாக நிற்கும். பிளக் வெளியே வந்ததால் மட்டும் வீணாய்ப் போன எஞ்சின் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. வெளியே வந்தபின் அவசர அவசரமாகச் செய்த வேலையால் வீணானவற்றைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

(லாரி என்றதும் பலருக்கு டீசல்தான் நினைவுக்கு வரும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பலவற்றில் குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக் உண்டு, அவ்வளவுதான். நாம் பேசுவது பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. கேஸில் ஓடும் லாரிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.)

முதலில் அவசரமான விஷயம்: திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக் இல்லாத சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் வழக்கம்போல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெட்ரோல் காற்றோடு கலந்து, திறந்த துளை வழியாக பானெட்டுக்கு அடியில் பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே பிடுங்கப்பட்ட காயில் ஒயரில் ஆடிக்கொண்டு பொறி விட்டுக்கொண்டிருக்கும். சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தவிர, பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைத் தொடாத வெளிக்காற்று, தூசி மண்ணோடு அந்தத் துளை வழியே உள்ளே போகும்.

சாலை நடுவில் நின்றுவிட்டது, ஓரத்துக்காவது நகர்த்த வேண்டும் என்றால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, காயிலை வண்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, சில நூறு மீட்டர் ஓட்டலாம். வீடு வரைக்கும் வேண்டாம். கட்டி இழுத்துப் போவதுதான் சரி.

சரி, பிளக் ஏன் வெளியே வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளக்கின் திரெட் விட்டம் 14 மி.மீ. அதன் பரப்பு ஏறத்தாழ 1.5 சதுர செ.மீ. பாரத்தோடு ஏறும்போது சிலிண்டருக்குள் எரியும் அழுத்தம் 60 பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ) என்று வைத்துக்கொண்டால், பிளக்கின் அடியில் தள்ளும் விசை 90 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் கீழே இருந்து எம்பி எம்பித் தள்ளுகிற மாதிரி. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 1000 முறை நடக்கிறது. பிளக் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்வரை இது ஒன்றும் பெரிய விசை இல்லை. கொஞ்சம் தளர்ந்தால், ஒவ்வொரு அடிக்கும் எஃகுத் திரெட் அலுமினியத் திரெட்டின் மேல் சுத்தியல் மாதிரி இறங்கும். அலுமினியம் மென்மையான உலோகம். அதோடு, சூடாகும்போது எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் திரெட்டில் ஓர் இழுபறி நடக்கும். திரெட் நீளமாக இருந்தால் தாங்கிவிடும், குட்டையாக இருந்தால் நாளாவட்டத்தில் தேய்ந்து மாவாகும்.

இதற்குப் பேர்போன உதாரணம் ஃபோர்டின் டிரைட்டான் எஞ்சின் வரிசை. 1997 முதல் பிக்கப்களில் வந்த 4.6, 5.4 லிட்டர் வி8, 6.8 லிட்டர் வி10, இவற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு வைத்த வகையில், பிளக்கைப் பிடிக்கும் அலுமினியத் திரெட் சுமார் நான்கு சுற்றுதான். பிட்ச் (ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 1.25 மி.மீ. என்பதால் மொத்தமே 5 மி.மீ. பிடிப்பு. 19 மி.மீ. நீளப் பிளக்கை முழுக்கப் பிடிக்கும் ஹெட்டில் பதினைந்து சுற்று வரை இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு அவற்றுக்கு முதலில் சொல்லப்பட்ட டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) 9 முதல் 20 நியூட்டன் மீட்டர். அதில் 9 என்பது விரலால் இறுக்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பின்னாளில் வந்த ஹெட்களில் திரெட்டைக் கூட்டினார்கள். உங்களிடம் ஹெட் மாற்றச் சொன்னவரிடம் ஒன்று சொல்லுங்கள்: 2007-ல் ஃபோர்டே தன் சர்வீஸ் அறிக்கையில், இந்த எஞ்சின்களுக்கு ஹெட்டை மாற்றாமல் புஷ் பதித்துச் சரிசெய்யும் முறையை ஏற்றுக்கொண்டது. உங்கள் எஞ்சின் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

(2004-க்குப் பிறகு வந்த மூன்று வால்வு 5.4 எஞ்சினுக்கு நோயே வேறு. அங்கே பிளக் வெளியே வராது. கழற்றப் போனால் கரி பிடித்துக்கொண்டு பாதியில் முறியும், கீழ்ப்பாதி ஹெட்டிலேயே தங்கிவிடும். அதற்குத் தனி எடுப்பான் கருவி வேண்டும். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.)

இப்போது வெளியே வந்த பிளக்கைக் கையில் எடுங்கள். எறிந்துவிடவில்லையே? துளைக்குள் என்ன நடந்தது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். திரெட் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் அலுமினியம் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தால், ஹெட்டின் திரெட் பிளக்கோடு சேர்ந்து வந்துவிட்டது, புஷ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. திரெட் சுத்தமாக, ஒரு பக்கம் மட்டும் கருத்துப் போயிருந்தால், பிளக் பல நாளாகத் தளர்ந்து தளர்ந்து கடைசியில் சுழன்றே கழன்றிருக்கலாம். துளையில் இன்னும் திரெட் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் நம்பாதீர்கள். டார்ச் அடித்து, முடிந்தால் போரஸ்கோப் (துளைக்குள் விடும் சின்னக் கேமரா) விட்டுப் பார்த்து, எல்லாச் சுற்றும் கூர்மையாக இருந்தால் மட்டும் புதுப் பிளக் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பார்க்கலாம். இறுக்கும்போது வெண்ணெயில் திருகுவதுபோல வழுக்கிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பீங்கான் மட்டும் பறந்துபோய், இரும்புக் கூடு ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அது பிளக்கின் குறை, ஹெட்டின் குறை அல்ல. கூட்டைச் சாதாரண சாக்கெட்டால் கழற்றிவிட்டுப் புதிதைப் போட்டால் முடிந்தது. உடைந்த பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பீங்கான் சிலிண்டர் சுவரை வைரம் மாதிரிக் கீறும்.

பசை விஷயத்துக்கு ஒரு வரி போதும். இரும்புத்தூள் கலந்த இரண்டு டியூப் பசை எதுவாக இருந்தாலும், எரிஅறைக்குப் பக்கத்தில், நிமிடத்துக்கு ஆயிரம் முறை வாங்கும் அடியில் நிற்காது. உதிரும்போது உள்ளேதான் உதிரும்.

புஷ்ஷில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிய கம்பிச் சுருள். இன்னொன்று, கெட்டியான ஒரே துண்டு உலோகத்தில் கடைந்த புஷ்; டைம்-செர்ட் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகை. கம்பிச் சுருள் சாதாரண போல்ட்டுக்கு அருமையானது, எத்தனையோ இடத்தில் போட்டிருக்கிறேன். ஸ்பார்க் பிளக்குக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். முன்பு ஒரு சின்ன டிரக்குக்கு அப்படித்தான் போட்டேன். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த முறை பிளக் மாற்ற ராட்செட்டைச் சுழற்றினால் பிளக் ஒரு மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், நான் போட்ட கம்பிச் சுருள் கொடி மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்திருந்தது. கரி பிடித்துச் சுருள் பிளக்கோடு ஒட்டிவிட்டது. ஹெட்டைவிடப் பிளக்கைத்தான் அது நன்றாகப் பிடித்திருந்தது. தப்பு என்னுடையதுதான், பொருளைச் சொல்லிப் பயனில்லை. கெட்டிப் புஷ்ஷுக்கு மேலே ஒரு விளிம்பு இருக்கும். அது ஹெட்டில் வெட்டிய படியில் உட்கார்ந்துகொள்ளும், ஆகவே கீழே இறங்காது. அடியில் அதன் கடைசிச் சில திரெட்டை ஒரு கருவி வெளிப்பக்கமாக விரித்துவிடும், ஆகவே பிளக்கோடு மேலேயும் வராது. ஸ்பார்க் பிளக்குக்கு அதுதான் சரி.

இனி வேலை. எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது உத்தமம். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் தொடக்கூடாது என்பது இந்த வேலைக்கு மட்டுமல்ல, எப்போதைக்குமே பொருந்தும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். பிளக் இருந்த குழியில் தூசி, இலைச் சருகு, எண்ணெய் என்று எது கிடந்தாலும் முதலில் மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள். ஏர் அடித்தால் பாதி வெளியே போகும், பாதி சிலிண்டருக்குள் போகும்.

அடுத்து பிஸ்டனை எங்கே நிறுத்துவது. இதில் ஆளுக்கொரு கட்சி. பிஸ்டனை உச்சியில் வைத்தால் வெட்டும்போது விழும் உலோகச் சீவல் ஒரே இடத்தில் கிடக்கும், எடுப்பது சுலபம் என்பார்கள். எனக்கு அதில் பயம், திரெட் வெட்டும் டேப்பின் நுனி பிஸ்டன் தலையில் முட்டினால் என்ன செய்வது? நான் செய்வது இது. ஒரு ரப்பர் குழாயின் முனையைத் துளையில் அழுத்தி, மறுமுனையில் விரலை வைத்துக்கொண்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுழற்றச் சொல்வேன். காற்று விரலைத் தள்ளத் தொடங்கினால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் என்று அர்த்தம். அதைத் தாண்டி பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பப் பாதி தூரம் இறங்கும்வரை சுழற்றி நிறுத்துவேன். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், விழும் சீவல் வால்வ் உட்காரும் இடத்தில் மாட்டாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை உள்ளே விட்டுப் பார்த்தால் டேப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

புஷ் பதிக்கும் கிட்டில் வரும் கருவிகள் மூன்று நான்கு இருக்கும். பழைய திரெட்டைச் சீவும் ரீமர், விளிம்புக்குப் படி வெட்டும் கட்டர், புதுத் திரெட் வெட்டும் டேப், புஷ்ஷை இறக்கும் டிரைவர். சில கிட்டில் முதல் இரண்டும் ஒரே கருவியாக இருக்கும். உங்கள் எஞ்சினுக்கென்று சொல்லி விற்கும் கிட்டையே வாங்குங்கள். பொதுவான 14 மி.மீ. கிட்டில் கருவி குழியின் ஆழத்துக்கு எட்டாது. எட்டவைக்கிறேன் என்று ஒன்றோடொன்று எக்ஸ்டென்ஷனை மாட்டினால் மேலே கை நேராக இருக்கும், கீழே டேப் சாய்ந்திருக்கும். பவர் டிரில் இந்த வேலைக்குள் வரவே கூடாது, எல்லாம் கையால்தான்.

ரீமரும் கட்டரும் முடிந்தபின் டேப். அதன் பள்ளங்களில் கெட்டியான கிரீஸை அப்புங்கள். கஞ்சத்தனம் வேண்டாம், பள்ளம் நிறைய அப்ப வேண்டும். சீவல் கீழே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு சுற்றில்தான் எல்லாமே இருக்கிறது. டேப்பைத் துளையில் வைத்து, அழுத்தாமல், இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். சீவிய துளையில் அது தானாக வழி கண்டுபிடித்து உட்காருவது கையில் தெரியும். லேசாக ஒரு 'நெறுக்', பிறகு ஒரே சீரான எதிர்ப்பு. கைப்பிடியை நான்கு பக்கமும் திருப்பி, குழியின் சுவருக்கும் கருவித் தண்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று டார்ச் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விலகியிருந்தால் சாய்கிறது. இப்போதே வெளியே எடுத்துத் திரும்பத் தொடங்கலாம், நான்கு சுற்றுக்குப் பிறகு முடியாது. நேராக இருந்தால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள். பின்னே திருப்பும்போது சீவல் முறியும். ஒன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை முழுக்க வெளியே எடுத்து, துணியால் துடைத்து, புதுக் கிரீஸ் அப்பித் திரும்ப இறக்குங்கள். துடைத்த துணியில் கிரீஸுக்குள் பளபளவென்று அலுமினியச் சுருள் தெரியும்; அவ்வளவும் சிலிண்டருக்குள் விழாமல் தப்பியது. பல முறை எடுத்து எடுத்துப் போட வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியும் கொஞ்சம் விழும். முதலில் வேக்குவத்தில் மெல்லிய குழாய் மாட்டி, அது பிஸ்டன் தலையைத் தொடும்வரை விட்டு, சுற்றிச் சுற்றி உறிஞ்சுங்கள். காந்தம் இங்கே உதவாது, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அப்புறம் துளைக்கு மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, மற்ற காயில்களின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை இரண்டு மூன்று முறை சில விநாடி சுழற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். மிச்சம் இருப்பது காற்றோடு துணியில் வந்து அடிக்கும். கடைசியில் போரஸ்கோப் விட்டு ஒரு பார்வை. முகத்தைக் குழிக்கு நேராக வைத்துக்கொண்டு யாரும் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டாம்.

இந்தச் சீவல் விஷயத்தில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கடைசி இரண்டு முறை டேப்பைத் துடைக்காமல் ஒரேயடியாக இறக்கிவிட்டேன். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தால் மிஸ்ஸிங் அடித்தது. கம்ப்ரஷன் பார்த்தேன். மற்ற சிலிண்டர்கள் 150 பிஎஸ்ஐ சொச்சம் காட்ட, இது 60-தான் காட்டியது. புஷ் கசிகிறதோ என்று நினைத்து சோப்பு நீர் ஊற்றினால் ஒரு குமிழிகூட வரவில்லை. துளை வழியே காற்றுக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகக் காது வைத்ததில், சைலன்சர் முனையில் 'ஸ்ஸ்' என்று கேட்டது. எக்சாஸ்ட் வால்வ் மூட முடியாமல் இடையில் ஏதோ இருக்கிறது. எஞ்சினைக் கையால் சுழற்றி அந்த வால்வைத் திறந்த நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே ஏர் அடித்தேன். மறுபடி அளந்தால் 145. நகத்தின் கீற்றளவு ஒரு சுருள் வால்வ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படியே பத்து நாள் ஓட்டியிருந்தால் வால்வ் எரிந்திருக்கும்.

புஷ்ஷை இறக்கும் முன் வெட்டிய திரெட்டைப் பிரேக் கிளீனரால், கிரீஸ் ஒரு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். குழியில் ஊற்றாதீர்கள், துணியில் தெளித்துக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். புஷ்ஷின் வெளித்திரெட்டில் சிவப்பு திரெட் லாக்கர் (திரெட் கழலாமல் பூட்டும் திரவம்) இரண்டு துளி. சாதாரணச் சிவப்பு வகை 150 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும், அதிக வெப்பத்துக்கென்று 230 டிகிரி வரை தாங்குவது கிடைக்கிறது. அதைத்தான் இங்கே போட வேண்டும். உள்திரெட்டில் அது படவே கூடாது, பட்டால் அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது என்னைத் திட்டுவீர்கள். டிரைவரின் நுனியில் எண்ணெய் விட்டுப் புஷ்ஷை மாட்டி இறக்குங்கள். விளிம்பு படியில் உட்கார்ந்ததும் டிரைவர் இறுகும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. இன்னும் சுழற்றினால், அது அடித்திரெட்டை விரித்துக்கொண்டு திணறித் திணறிப் போய், சட்டென்று லேசாகும். அந்த 'லேசு' வந்தால்தான் புஷ் பூட்டிக்கொண்டது என்று பொருள்.

போரஸ்கோப்பில் பார்க்க வேண்டியது ஆழம். புஷ்ஷின் அடி எரிஅறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த மெல்லிய விளிம்பு செக்கச்செவேலென்று சூடாகி, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். எஞ்சின் நாக் அடிக்கும், நாளடைவில் பிஸ்டனில் ஓட்டை விழும். குட்டையாக இருந்தால் கீழே திறந்து கிடக்கும் திரெட்டில் கரி அடையும். விளிம்பு படியில் முழுக்க உட்காராமல் மேலே நின்றால் பிளக்கின் நுனி உள்ளே எட்டாது, பிளக்கின் கேஸ்கெட் வளையமும் நேராக அமராது. கிட் சரியானதாக இருந்தால் இதில் எதுவும் வராது, வராது என்று பார்க்காமல் விடவும் கூடாது. லாக்கர் காயக் கிட்டில் சொன்ன நேரத்தைக் கொடுங்கள்.

புதுப் பிளக், புது கேஸ்கெட். பழையதைச் சுத்தம் செய்து போடும் சிக்கனம் இந்தச் சிலிண்டரில் வேண்டாம். பிளக்கின் மேல்முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் சொருகி, அதைப் பிடித்துக்கொண்டு கையால் திருகுங்கள். திரெட் மாறிப் பிடித்தால் ரப்பர் குழாய் வழுக்கும், ராட்செட் வழுக்காது. அடிவரை கையாலேயே போக வேண்டும். அதன்பிறகு டார்க் ரெஞ்ச். எவ்வளவு என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகமும் கிட்டின் தாளும் சொல்வதே கணக்கு. ஒரு அளவுக்குச் சொன்னால், அலுமினிய ஹெட்டில் கேஸ்கெட் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கேஸ்கெட் இல்லாமல் கூம்பாக உட்காரும் வகைக்கு 10 முதல் 20. இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர். திரெட்டில் ஆன்டி சீஸ் (திரெட் ஒட்டிக்கொள்ளாமல் தடவும் பசை) தடவலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். இன்றைய பிளக்குகள் பூச்சுப் பூசியே வருகின்றன, தேவையில்லை. தடவினால் வழுக்கல் கூடும், ரெஞ்ச் 25 என்று காட்டும்போது உண்மையில் அதைவிடப் பலமாகவே இறுகியிருக்கும்.

காயிலைப் பார்க்காமல் திரும்ப மாட்டாதீர்கள். அது குண்டு மாதிரிப் பறந்து வந்திருக்கிறது. ரப்பர் பூட்டில் கிழிசல், உடம்பில் மயிரிழை விரிசல், போல்ட் மாட்டும் காது உடைந்திருப்பது, கனெக்டரின் கொக்கி ஒடிந்திருப்பது, இதெல்லாம் சாதாரணம். சந்தேகமாக இருந்தால் புதிது போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஓடும் இன்ஜெக்டர் ஒயரும் பெட்ரோல் குழாயும் அடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, கிரீஸ் எரியும் வாடை வரலாம். அது போய்விடும். பிறகும் செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் கோட் படியுங்கள். பி0300-க்கு மேல் வரும் கடைசி எண் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சொல்லும், பி0303 என்றால் மூன்றாவது. சிலிண்டர் எண்ணும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்கள் எஞ்சினின் படத்தைப் பார்த்தே எண்ணுங்கள். கம்ப்ரஷனும் ஒருமுறை அளந்துவிடுங்கள். எல்லாவற்றிலும் குறைந்தது, எல்லாவற்றிலும் கூடியதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது.

கடைசியாக மற்ற ஏழு. ஒன்று துப்பிவிட்டது என்றால் மீதியும் இதே ஹெட்டில், இதே வயதுத் திரெட்டில்தான் இருக்கின்றன. எஞ்சின் ஆறியபிறகு ஒவ்வொரு காயிலாக எடுத்துக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். பிளக்கைச் சுற்றியும் பூட்டின் உட்புறத்திலும் கருப்புப் புகைக் கறை இருந்தால், அது கசிந்துகொண்டிருக்கிறது. வெடித்துக் கிளம்பும் முன் பெரும்பாலும் வாரக்கணக்கில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கும். பாரம் ஏற ஏறக் கூடும். எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும், ஆனால் அது எஞ்சின் சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிளக் சத்தம் அப்படி அடங்காது. கறை இல்லாதவற்றையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உடனே 'கிளிக்' என்றால் விட்டுவிடுங்கள். சுழன்றுகொண்டே போனால் அதற்கும் புஷ்தான்.

எட்டுக்கும் இப்போதே புஷ் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். நன்றாக இருக்கும் திரெட்டை வெட்டி எடுப்பது, ஏழு முறை சீவல் விழ வாய்ப்புக் கொடுப்பது, இரண்டும் வேண்டாத ஆபத்து. துப்பியதற்கு மட்டும் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு, ஆறிய எஞ்சினில், அந்த ஒரு காயிலை மட்டும் கழற்றிக் குழி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கறை இல்லையென்றால் மூடிவிட்டுப் பழையபடி பாரம் ஏற்றலாம்.